எட்டாம் எண்ணைத் தேடிக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆறு நாள்

மலேசியாவுக்கு விசாரணை அதிகாரியாகப் போன முதல் ஓய்வூதியர் நானாகத்தான் இருக்க வேண்டும். குடிநுழைவு முகப்பில் இருந்த பெண் வந்த நோக்கம் என்ன என்று கேட்டாள். பேய் விளையாட்டு ஒன்றில் யார் யாருடைய விதியைத் திருடினார்கள் என்று விசாரிக்க வந்திருக்கிறேன் என்றால் தனி அறைக்குக் கூட்டிப் போயிருப்பார்கள். "உறவினரைப் பார்க்க" என்றேன். முத்திரை விழுந்தது. முப்பத்து நான்கு ஆண்டு தலைமைச் செயலகத்தில் விதிகளுக்கு வரைவு எழுதியவனுக்கு, எந்தப் படிவத்தில் எவ்வளவு உண்மை போதும் என்று தெரியும்.

வரவழைத்தவள் என் அக்கா மகள் தேவிகா. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பல் மருத்துவர். வயது நாற்பத்தொன்று. வாரநாட்களில் பல் பிடுங்குவாள். சனிக்கிழமைகளில் மேசை விளையாட்டு நடத்துவாள். சீட்டு, கேரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேச வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். 'நான் கதவைத் திறக்கிறேன்' என்று யாராவது சொன்னால், கதவு திறந்ததா, கையோடு பெயர்ந்து வந்ததா என்பதைப் பகடை சொல்லும். எந்தப் பகடை, எந்த எண்ணுக்கு என்ன என்பதற்குத் தடிமனான விதிப்புத்தகங்கள் இருக்கின்றன. வளர்ந்தவர்கள், வரி கட்டுகிறவர்கள், இதைப் பல ஆண்டுகளாகச் செய்கிறார்கள்.

தேவிகா தமிழிலேயே ஒரு விதிப்புத்தகம் எழுதிவிட்டாள். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நிர்வாகக் குழுவுக்குப் பேய்கள் பற்றிப் புகார் வருகிறது. ஆடுபவர்கள்தான் குழு உறுப்பினர்கள். குழு என்ற ஒன்று இருந்ததால் எனக்கு உடனே மதிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை அது செலாயாங்கில் உள்ள அச்சகத்துக்குப் போக வேண்டும். இந்த நிலையில் பதினெட்டு ஆண்டு நண்பர் குணா கடிதம் போட்டார். அவர் கிள்ளானில் இருக்கிறார். துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் முகவர். புத்தகத்தின் உயிரான விதி தன்னுடையது, அச்சடித்தால் இவள் திருடி என்று ஊரெல்லாம் சொல்வேன் என்று எழுதியிருந்தார். நான்கு மாதமாகப் பேச்சு இல்லை.

"விதிய எடுத்துட்டா புத்தகமே இல்ல மாமா. எடுக்கலைன்னா குணா இல்ல" என்று தொலைபேசியில் சொன்னாள். குரல், மயக்க ஊசி போட்டுக்கொண்டவளுடையது போல இருந்தது.

இருவரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் நான். என்னை ஏற்றதற்குக் குணா சொன்ன காரணத்தை அவளே எனக்கு வாசித்துக் காட்டினாள்: "கவர்மென்ட் ஆளு. விளையாட்டு பத்தி ஒண்ணும் தெரியாது. அப்ப சரி."

முதல் நாள். தேவிகா வீட்டு மின்தூக்கியில் ஏறினேன். பொத்தான்களில் மூன்றுக்கு அடுத்து நான்கு இல்லை. 3ஏ என்று இருந்தது. அடுத்தது ஐந்து.

"நாலு காணோமே?"

"சீனவங்களுக்கு ஆகாது மாமா. சாவுங்கற மாதிரி கேக்குமாம். எட்டுன்னா அதிர்ஷ்டம். எட்டு வர்ற கார் நம்பருக்கு அடிச்சிக்குவாங்க லா."

நான் குறித்துக்கொண்டேன், இந்த ஊர்ப் பேச்சின் வாலில் ஒட்டும் 'லா' உட்பட. விசாரணை அதிகாரி எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் பயன்படாது, ஆனால் எழுதுகிற கையைப் பார்த்தால் எதிராளி பயப்படுவார்.

இரண்டாம் நாள் வாழையிலைச் சாப்பாட்டோடு தொடங்கியது. சென்னையில் சாப்பாட்டுக் கடைக்காரர் இரண்டாம் முறை சாம்பார் கேட்டால் நம் ஜாதகத்தைப் பார்ப்பது போலப் பார்ப்பார். இங்கே பரிமாறியவர் நான் மறுத்த பிறகும் ஊற்றினார். பாகற்காயை மொறுமொறுப்பாக வறுத்து வைத்திருந்தார்கள். மறுநாள் காலை ரொட்டி சானாய் என்ற ஒன்றும் கிடைத்தது. பெயரில் இருப்பது நம் சென்னைதான் என்று பக்கத்து மேசைக்காரர் சத்தியம் செய்தார். சென்னையில் அறுபத்தாறு ஆண்டு வாழ்ந்த நான் அப்படியொன்றைப் பார்த்ததில்லை. பரோட்டா கப்பலேறி வந்து, அளவு மாறி, பருப்புக் குழம்பைச் சேர்த்துக்கொண்டு, பிறந்த வீட்டு முகவரியாக நம் ஊரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது போலும்.

சாப்பிட்ட பின் தேவிகாவின் வாக்குமூலம். அலமாரி நிறைய விதிப்புத்தகங்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு வம்சாவளி சொன்னாள்.

ஆதியில் இராணுவ அதிகாரிகள் மேசைமேல் போரை நடத்திப் பார்த்தார்கள். பிறகு வேலையற்ற கனவான்கள் பொம்மைச் சிப்பாய்களை வைத்து அதையே பொழுதுபோக்காக்கினார்கள். ஒருநாள் யாருக்கோ, ஆளுக்கு ஒரு படை எதற்கு, ஒரு சிப்பாய் போதுமே என்று தோன்றியது. அந்தச் சிப்பாய்க்குப் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததும் பாசம் வந்தது. பாசம் வந்ததும் அவன் ஒரே அடியில் சாகக் கூடாது என்றார்கள். கப்பல் சண்டை விளையாட்டுகளில் கவசத்துக்கு ஒரு தரவரிசை இருந்தது. அதைக் கொண்டுவந்து மனிதனுக்கு மாட்டினார்கள்.

"கப்பலுக்கு எழுதின விதியையா மனுஷனுக்குப் போட்டாங்க?"

"ஆமா மாமா. இன்னிக்கு வரைக்கும் ஓடுது."

எனக்கு ஆச்சரியமில்லை. எங்கள் துறையில் ஜீப்புக்கு எழுதிய விதி ஒன்றில் குதிரைத் தீவனம் பற்றிய பத்தி நான் ஓய்வு பெறும்வரை இருந்தது. முன் கோப்பில் இருந்தது, அதனால் இருந்தது.

பிறகு கதை வேகமெடுத்தது. சிப்பாய் படிப்படியாகப் பதவி உயர்வு பெறுவது பிடிக்காதவர்கள், நூற்றுக்கு எத்தனை என்று ஒவ்வொரு திறமைக்கும் மதிப்பெண் போட்டார்கள். மதிப்பெண் அலுத்தவர்கள் பகடைகளைக் கைநிறைய அள்ளி உருட்டினார்கள். எல்லாக் கதைக்கும் ஒரே விதி போதும் என்று ஒரு கூட்டம். ஒவ்வொரு கதைக்கும் தனி விதி வேண்டும் என்று இன்னொரு கூட்டம். வெற்றி, தோல்வி என்று இரண்டே பதிலா, 'நடக்கும், ஆனால் கூடவே ஒரு தொல்லை வரும்' என்று ஏன் இருக்கக் கூடாது என்று சிலர் கேட்டார்கள். கணினி விளையாட்டுகள் மேசையிலிருந்து எடுத்தன. பிறகு மேசை கணினியிலிருந்து திருப்பி எடுத்துக்கொண்டது. கடைசியில், ஆதியில் இருந்ததே மேல் என்று ஒரு கூட்டம் கிளம்பி, பழைய விதியைப் புதிய அட்டையில் அச்சடிக்கிறது. ஒவ்வொருவரும் முன்னவரைத் திட்டிக்கொண்டே முன்னவரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இதற்குத் தலைமைச் செயலகத்தில் 'வரைவு தயாரித்தல்' என்று பெயர்.

வழக்கில் உள்ள விதி அந்தத் தொல்லைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பகடை காலை வாரினாலும் நீங்கள் நினைத்த காரியம் நடக்கும். ஆனால் உங்கள் வலப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பன்னிரண்டு முகப் பகடையை உருட்டுவார். பட்டியலைப் பார்த்து, உங்களுக்கு என்ன தொல்லை என்று அறிவிப்பார். இதே ஏற்பாடு எங்கள் அலுவலகத்திலும் இருந்தது. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

"இது யாரோட யோசனை?"

"என்னோடது. இந்த மேசையிலதான் பிறந்துச்சு."

அவளுடைய பட்டியலை வாங்கிப் படித்தேன். ஒன்று, குழாயில் தண்ணீருக்குப் பதில் முடி வரும். இரண்டு, பக்கத்து வீட்டு ஆன்டி கதவைத் தட்டுவார். பதினொன்றும் நல்ல தொல்லைகள். எட்டு மட்டும் வேறு மாதிரி: 'இன்று உங்களுக்கு விடுப்பு. ஒன்றும் நடக்காது.'

"எட்டு ஏன் இப்படி?"

"அது எப்பவும் அப்படித்தான் மாமா" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

மூன்றாம் நாள், கிள்ளான் பயணம். கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் என்கிற புறநகர் ரயிலுக்கு வரிசையில் நின்று, இறங்குபவர்களுக்கு வழிவிட்டு, முறைப்படி ஏறி உட்கார்ந்தேன். பெட்டியில் அனைவரும் பெண்கள். எதிரே இருந்த மலாய்ப் பெண் மிக மரியாதையாக ஆங்கிலத்தில் சொன்னாள்: "பெரியவரே, இது பெண்கள் பெட்டி." இளஞ்சிவப்பில் மூன்று மொழிகளில் எழுதியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். விதிகளோடே வாழ்ந்தவனுக்கு இதைவிட அவமானம் கிடையாது. குதித்து இறங்கி, மறுபக்கம் நின்ற ரயிலில் பெட்டியை மட்டும் சரிபார்த்து ஏறினேன். திசையைப் பார்க்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் இறங்கியபோது பச்சை நிற அனுமார் வானளாவ நின்றுகொண்டிருந்தார். கிள்ளானில் அனுமார் இருப்பதாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. விசாரித்ததில், கிள்ளான் எதிர்த்திசையில் இருந்தது. நான் வந்திருந்தது முருகன் கோயில் இருக்கும் பத்துமலைக்கு.

குணா கிள்ளான் ரயில் நிலையத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார். பருத்த உடம்பு, சட்டைப் பையில் மூன்று பேனா. கோபக்காரர் என்று எதிர்பார்த்துப் போனேன். சிரித்துவிட்டார்.

"என்னா அங்கிள், கிள்ளானுக்கு பத்துமலை வழியாவா வந்தீங்க? சாமி கும்பிட்டீங்களா?"

"அனுமாரைப் பார்த்தேன்."

"அது போதும். கேஸு எனக்குத்தான் லா."

கோயிலும் புடவைக் கடைகளும் பூக்கடைகளும் நெருக்கியடித்த தெருவில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். இடியாப்பத்துக்குத் தேங்காயும் பழுப்புச் சர்க்கரையும் வந்தன. நம் ஊரில் குருமா தருவார்களே என்றேன். "அது சாப்பாடு அங்கிள், இது பசியாற" என்றார். காலை உணவுக்கு இங்கே அதுதான் சொல். மணி ஒன்று என்பதை நான் சுட்டிக்காட்டவில்லை.

வாக்குமூலம் எடுத்தேன். அவருடைய விளையாட்டில் ஆடுபவர்கள் லோரி ஓட்டுநர்கள். துறைமுகத்திலிருந்து சரக்கை விடிவதற்குள் சேர்க்க வேண்டும். தொல்லைப் பட்டியலில் டயர் வெடிக்கும், முத்திரை உடைந்திருக்கும், பெட்டிக்குள் யாரோ தும்முவார்கள். வலப்பக்கத்து ஆள் விதி அப்படியே இருந்தது.

"மழையில மாட்டிக்கிட்டு நாலு பேரு என் ஆபீஸ்ல உக்காந்திருந்தோம். அப்ப நான் போட்டது. தேவிகா அங்கதான் இருந்தா. இன்னிக்கு அவ சொந்தமா பிறந்துச்சுங்கறா. எனக்குப் பணம் காசு வேணாம் அங்கிள். அவ என்னைய மறந்துட்டா, அதான்."

இதைச் சொல்லும்போது அவர் இடியாப்பத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பட்டியலில் எட்டைப் பார்த்தேன். 'இன்னும் இரண்டு முறை உருட்டு.' மற்ற பதினொன்றும் தொல்லை. எட்டு மட்டும் தொல்லை இல்லை.

"இது ஏன்?"

"எட்டுல ஒண்ணும் இல்ல. அதான் நானே ஒண்ணு போட்டேன்."

"எதில் எட்டில் ஒன்றும் இல்லை?"

குணா வாயைத் திறந்தார், மூடினார். விசாரணையில் இந்த மூடலுக்காகத்தான் நாம் சம்பளம் வாங்கினோம்.

இரண்டு கோப்பு ஒன்றிலிருந்து ஒன்று நகலெடுத்ததா என்று அறிய, சரியாக இருப்பதை ஒப்பிடக் கூடாது. சரியானது யாருக்கும் தோன்றும். தவறுகளை ஒப்பிட வேண்டும். வனத் துறை ஆணை ஒன்றில் 'படகு உரிமையாளர்கள்' என்று ஒரு வரி வந்தபோது, அது மீன்வளத் துறையிலிருந்து வந்தது என்று நான்தான் கண்டுபிடித்தேன். இங்கே பிரிக்பீல்ட்ஸ் பட்டியலிலும் கிள்ளான் பட்டியலிலும் ஒரே நாற்காலி காலி. ஆளுக்கொரு துணி போட்டு மூடியிருக்கிறார்கள். அதுவும் எட்டு. நாலை விடுகிற ஊரில் எட்டை யார் வேண்டுமென்றே விடுவார்கள்? அப்படியானால், இவர்களுக்கு முன்னால் ஒரு தாள் இருந்திருக்கிறது. அதில் எட்டாவது வரி தவறிப்போயிருக்கிறது.

"நீங்கள் இரண்டு பேரும் முதன்முதலில் எங்கே ஆடினீர்கள்?"

"காலேஜ் முடிச்ச புதுசுல, செராஸ்ல வோங் அங்கிள் கடை. பகடை அங்கதான் வாங்குவோம். அவரு ஏதோ போட்டோஸ்டாட் எல்லாம் குடுப்பாரு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். பிறகு மெதுவாக, "மலிவா" என்று வாக்கியத்தை முடித்தார்.

நான்காம் நாள் செராஸ். வோங் முன்பு விமான, கப்பல் மாதிரிப் பொம்மைகள் விற்றவர். இப்போது வண்ணமீன் விற்கிறார். தேவிகா என்னைக் காரில் கொண்டுவந்தாள். குணா தன் காரில் வந்தார். கடைக்குள் நடுவில் நீளமான மீன்தொட்டி. ஒருவர் அந்தப் பக்கமும் ஒருவர் இந்தப் பக்கமும் நின்று, மீன்கள் வழியாக ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

வோங் மலாய்ச் சொற்கள் தூவிய ஆங்கிலத்தில் பேசினார், தமிழாக்கம் என்னுடையது. "நீ பல் டாக்டர் ஆகிட்டியா? நீ லோரியா? நல்லது. மீன் வாங்குறீங்களா?" வந்த விஷயத்தை விளக்கினேன். உள்ளே போய், பிளாஸ்டிக் உறை போட்ட கோப்போடு வந்தார். தட்டச்சு செய்த இரண்டு தாள்கள். பகடை காலை வாரினால், வலப்பக்கத்து ஆள், பன்னிரண்டு தொல்லை. எல்லாம் இருந்தது. முதல் பக்கம் ஏழோடு முடிந்தது. இரண்டாம் பக்கத்தின் தலையில் எட்டு.

"என் பழைய நகல் மெஷின் ஒவ்வொரு பக்கத்திலயும் தலை வரியைத் தின்னுடும்" என்றார் வோங். "எல்லாருக்கும் தெரியுமே. உங்களுக்குத் தெரியாதா?"

தேவிகா தொட்டியைச் சுற்றி வந்தாள். குணாவும் வந்தார். இருவரும் எட்டாம் வரியைப் படித்தார்கள். 'தொல்லையை நீங்களே தேர்ந்தெடுங்கள். வலப்பக்கத்தில் இருப்பவரும் அதைச் சேர்ந்து சுமக்க வேண்டும்.'

 

"அப்போ இது உங்கள் கண்டுபிடிப்பா?" என்று வோங்கைக் கேட்டேன். முறைப்படி கேட்க வேண்டும்.

"பன்னிரண்டு தொல்லையா? அது ஒரு கப்பல் சண்டை விளையாட்டில சேதப் பட்டியலா இருந்தது. பேர் மறந்துடுச்சு. வலப்பக்கம், சீனக் கட்டை ஆட்டம் மாஜோங்ல இருந்து வந்தது. எங்க மாஜோங்ல ஆட்டம் வலப்பக்கம்தான் போகும். நான் ரெண்டையும் ஒட்டினேன். கப்பல்காரன் எங்க இருந்து எடுத்தானோ, அவனைப் போய் கேளுங்க." மீனுக்குத் தீனி போடத் திரும்பிவிட்டார்.

குணா அந்த வரியை இரண்டாம் முறை படித்தார். "எனக்கு போர்ட்ல வேலை இருக்கு" என்று சொல்லி வெளியே போனார். தேவிகா அவர் போன கதவையே பார்த்தாள். நான் ஒரு மீன் வாங்கினேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

அன்று மாலையே அறிக்கை எழுதினேன். 'குற்றச்சாட்டு இருவர் மீதும் மெய்ப்பிக்கப்பட்டது. இருவரும் ஒரே பழுதான நகலிலிருந்து எடுத்து, எடுத்ததை மறந்தவர்கள். இருவரும் சொந்தமாகக் கண்டுபிடித்தது, இல்லாத எட்டை என்ன செய்வது என்பதை மட்டுமே. அதை இருவரும் நன்றாகச் செய்திருக்கிறார்கள்.' கடைசி வாக்கியம் அறிக்கையில் இடம்பெறத் தக்கதல்ல. ஆனால் எனக்கு மேலதிகாரி யாரும் இல்லை.

பரிந்துரை ஒன்று. எங்கள் அரசுக் கடிதங்களில், விஷயத்துக்கு முன்னால் 'பார்வை' என்று ஒரு பகுதி வரும். இந்தக் கடிதத்துக்கு முன் எந்தெந்தத் தாள்கள் இருந்தன என்று எண் போட்டு எழுத வேண்டும். பார்வை இல்லாத கடிதம் மேசையைத் தாண்டாது. நம் நிர்வாகத்தில் யாரும் எதையும் முதன்முதலாகச் செய்வதில்லை. யாருக்கும் அதில் வெட்கமும் இல்லை. உன் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் பார்வை போடு என்று தேவிகாவிடம் சொன்னேன்.

அவள் எழுதினாள். ஒன்று: ஒரு கப்பல் சண்டை விளையாட்டு, பெயர் தெரியவில்லை. இரண்டு: மாஜோங். மூன்று: செராஸ் வோங் அங்கிளின் இரண்டு பக்கத் தாள். நான்கு: அதே தாளின் நகல், ஒரு வரி குறைவு. ஐந்து: குணாவின் லோரி விதிகள், மழை பெய்த நாள், கிள்ளான்.

"அந்த மழை எனக்கு ஞாபகம் வந்துருச்சு மாமா" என்றாள். "நான்தான் நனைஞ்சிக்கிட்டே போய் நாலு பேருக்கும் சாப்பாடு கட்டிக்கிட்டு வந்தேன்." பக்கத்தைப் படம் பிடித்துக் குணாவுக்கு அனுப்பினாள். படித்துவிட்டதற்கான நீலக்குறி வந்தது. பதில் வரவில்லை.

ஐந்தாம் நாள், செலாயாங். அச்சகத்தில் எங்களை உட்கார வைத்து, பாக்கெட்டில் கட்டிய தேநீரை ஸ்ட்ராவோடு கொடுத்தார்கள். மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கொடுக்கும் சிறுநீர்ப் பையைப் போல இருந்தது. குடித்தால் நன்றாக இருந்தது. அச்சக அக்கா நான்கு மணிக்குள் சொல்லுங்கள் என்றார். தேவிகா மூன்று ஐம்பது வரை கைப்பேசியைப் பார்த்தாள்.

"எட்டுக்கு எத போடறதுனு அவன்கிட்ட கேக்கணும்னு நெனச்சேன்" என்றாள்.

பிறகு எட்டாம் இடத்தில் வோங்கின் வரியைப் போட்டாள். தன் பழைய விடுப்பு வரியை நீக்கினாள். குணாவைக் குறித்த ஐந்தாம் பார்வையை நீக்கவில்லை. "மெஷின் ஓடட்டும் அக்கா" என்றாள்.

சனிக்கிழமை, ஆறாம் நாள். பிற்பகல் மூன்று மணிக்குத் தேவிகா வீட்டில் மேசை. வோங் மீன்களை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, கதையை நடத்த வந்திருந்தார். ஒரு மலாய் ஆசிரியர், ஒரு செவிலி, தேவிகா, அவளுக்கு வலப்பக்கத்தில் நான். என்னைக் குடியிருப்பு நிர்வாகக் குழுவின் செயலாளராக நியமித்தார்கள். நியமன ஆணை கேட்டேன், சிரித்தார்கள். கூட்டக் குறிப்பு எழுதுவேன் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது.

ஏழாம் மாடிக் குப்பைத்தொட்டியில் யாரோ அழுகிறார்கள் என்ற புகாரை விவாதித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. கையில் இடியாப்பப் பொட்டலங்களோடு குணா. சுவரோரம் இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. அவர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"அங்கிள், கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

தள்ளினேன். எனக்கும் தேவிகாவுக்கும் நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பகடையைக் கையில் குலுக்கிக்கொண்டே இருந்தாள்.

"லேட்டு" என்றாள்.

"ஜாம் லா" என்றார் குணா.

அவள் உருட்டினாள். பகடை காலை வாரியது. குணா பன்னிரண்டு முகப் பகடையை எடுத்தார். கூட்டக் குறிப்பில் வருகைப் பட்டியலைத் திருத்தி, ஒரு பெயரைச் சேர்த்துச் சுருக்கொப்பம் இட்டேன்.